மல்லாட்டையும் பக்கெட்டும்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் முடிந்து பேருந்துக்காக நின்றிருந்தபோது கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் வந்து பேசினார்கள். தங்கள் ஊர்க் காலனியில் மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறார்களாம். கணக்கும் ஆங்கிலமும் ஓரளவு ஓடுகிறதாம். "சின்னப் பசங்களக் கவிதை எழுத வைக்கணும் தோழர், எங்கிருந்து தொடங்குறது?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம். எங்களிடம் வழிமுறை என்று எதுவும் இல்லை. செய்த தவறுகள்தான் இருக்கின்றன. அந்த மூன்று பேருக்கும், அவர்களைப் போல வகுப்பு நடத்துகிற மற்றவர்களுக்கும் அதை எழுதி வைக்கிறோம்.

நாங்கள் தொடங்கியது 2020இல். மார்ச் மாதம் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதங்களுக்கு மேல். ஊர்த்தெருவில் கைபேசி வழியாக ஏதோ வகுப்பு நடந்தது. காலனியில் கைபேசி இருந்த வீட்டிலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அம்பேத்கர் மன்றத்துக் கட்டடம் சும்மா கிடந்தது. சாவி வாங்கி, பெருக்கி, ஒரு கரும்பலகை மாட்டினோம். நாங்கள் நான்கு பேர். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

ஒரு சனிக்கிழமை கவிதை எழுதச் சொன்னோம். எங்களில் ஒருவர் கல்லூரிக் கவியரங்கங்களில் பரிசெல்லாம் வாங்கியவர். அவர் பலகையில் தலைப்பு எழுதினார்: இயற்கை, அம்மா, மரம் வளர்ப்போம். அரை மணி நேரத்தில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே கவிதை. வானம் நீலம், மரம் பச்சை, அம்மா தெய்வம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தன் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா பூத்திருப்பதாகவும், காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதாகவும் எழுதியிருந்தான். அவன் வீடு எங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் தெரு. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை. "எங்கடா இருக்கு தோட்டம்?" என்று கேட்டோம். எங்களை ஒரு மாதிரி பார்த்தான். "கவிதைன்னா அப்டிதான அண்ணா எழுதணும்?"

கவிதை என்பது வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற விஷயம் என்று எட்டு வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாடப் புத்தகப் பாட்டு, ஆண்டு விழாப் பாட்டு, போட்டித் தலைப்பு எல்லாமாகச் சேர்ந்து சொல்லிக் கொடுத்திருக்கின்றன. தமிழில் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எழுதிய பாட்டுக்குக் குறைவில்லை. பாரதி எழுதினார். அழ. வள்ளியப்பா வாழ்நாள் முழுக்க எழுதிக் குழந்தைக் கவிஞர் என்று பெயர் வாங்கினார். அவற்றைப் பாடித்தான் நாங்களும் வளர்ந்தோம், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் தாங்களே சொன்னது எங்கே அச்சாகிறது? தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்காக 2022இல் தொடங்கிய 'ஊஞ்சல்' இதழ் போல ஒன்றிரண்டு இடம் இப்போது இருக்கிறது. அது நல்ல காரியம். எங்கள் பையன் அதற்கும் ரோஜாவைத்தான் அனுப்புவான் என்பதுதான் பிரச்சினை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் மாலை கரண்டு போய்விட்டது. எழுத முடியாது. இருட்டில் பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். சத்தத்தை அடக்க, "இன்னைக்கு என்ன செஞ்சீங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றோம். மல்லாட்டை பிடுங்குகிற பருவம். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. காலனிப் பெண்கள் ஊர்க்காரர் கொல்லையில் செடி பிடுங்கி, காய் ஆய்ந்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். பள்ளி இல்லாததால் பிள்ளைகளும் கூடப் போனார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னதை எங்களில் ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் அப்படியே குறித்துக்கொண்டார். மறுநாள் பலகையில் எழுதினோம். நாங்கள் செய்ததெல்லாம் அவள் மூச்சு விட்ட இடத்தில் வரியை உடைத்ததுதான்.

மல்லாட்ட ஆயப் போனோம்
எங்கம்மா வெரல்ல மண்ணு
எங்கக்கா வெரல்ல மண்ணு
எனக்கு மட்டும்
பல்லுல மண்ணு.

பிள்ளைகள் சிரித்தார்கள். கழுவாமல் தின்றதை ஒத்துக்கொண்டுவிட்டாளே! அவளுக்கும் சிரிப்பு. பிறகு நம் பரிசுக் கவிஞர் பலகை அருகே போய், நல்ல எண்ணத்தோடுதான், மல்லாட்டையை அழித்து 'வேர்க்கடலை' என்று திருத்தினார். 'ஆயப் போனோம்' என்பது 'பறிக்கச் சென்றோம்' ஆனது. அவள் எழுந்து நின்று சொன்னாள்: "அண்ணா, அது நான் சொன்னது இல்ல."

அவள் சொன்னது சரி. வேர்க்கடலை கடையில் பொட்டலத்தில் இருப்பது. மல்லாட்டையில்தான் அவள் அம்மாவின் விரலும் மண்ணும் இருக்கின்றன. 'பறிக்க' என்பது தப்பான சொல்லும்கூட. பறிப்பது பூவை. கூலிக்கு உட்கார்ந்து செடியிலிருந்து ஒவ்வொரு காயாக எடுப்பதற்குப் பெயர் ஆய்வது. திருத்தியவருக்கு அந்த வேலை தெரியாது. அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லை கொச்சை என்று அடிக்கும்போது அந்தச் சொல்லுக்குள் இருக்கிற வேலையையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் ஆயா பேசுவது முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிடுகிறோம். சேரிப் பேச்சைத் தமிழே இல்லை என்று சொன்னவர்கள் யார் என்று மேடையில் பேசுகிறோம். சிவப்புப் பேனாவை நம் கையில் கொடுத்தால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

அதற்காக எழுத்துப் பிழை திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் கடுமையாகச் சண்டை போட்டார். "ளகர ழகரம் தெரியாம ஒம்பதாவதுக்குப் போனா ஒங்க கவிதையா வந்து காப்பாத்தும்?" நியாயமான கேள்வி. கடைசியில் இரண்டு நோட்டு என்று முடிவானது. கோடு போட்ட நோட்டில் எல்லாம் திருத்துவோம், மறுபடி எழுத வைப்போம். கோடு போடாத நோட்டில் யாரும் பேனா வைக்கக் கூடாது. அதில் பிள்ளையே வந்து "இது எப்டி எழுதறது?" என்று கேட்டால் மட்டும் சொல்வோம். கேட்கத் தொடங்கினார்கள். தன் வரி தப்பாகப் படிக்கப்படுவது எந்தப் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை. 'வெள்ளச்சி' என்பதை ஒருவன் 'வெல்லச்சி' என்று படித்ததும், எழுதியவன் ஓடிவந்து ளகரம் கற்றுக்கொண்டு போனான்.

வெள்ளச்சி அவனுடைய ஆட்டுக்குட்டி. நாய் கடித்துச் செத்துப்போனது. மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. பிறகு வந்து, எழுதாமல் சொன்னான். சொன்னான் என்பதைவிட இழுத்துப் பாடினான் என்று சொல்ல வேண்டும். அவன் ஆயா ஒப்பாரிக்குப் பெயர் போனவர். அதே இழுவை.

ஏ வெள்ளச்சி
ஒங்கவுறு மட்டும் கெடக்குது
மொளக்குச்சில
நான் இழுத்துப் பாத்தேன்
ஒண்ணுமே வரல.

எதுகை மோனை என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் நம் பிள்ளைகள் காது பழகியிருக்கிறது. அதைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். நாங்கள் செய்ய வேண்டியிருந்தது, கழற்றி வைக்க வேண்டாம் என்று சொல்வதுதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். 'எதைப் பற்றி எழுதப் போறே' என்று கேட்பதை விட்டுவிட்டோம். என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை வந்தது, அப்போது யார் என்ன சொன்னார்கள் என்று கேட்போம். அவ்வளவுதான் நாங்கள் கற்றுக்கொண்ட தொழில். பரிசு கிடையாது. ஒருமுறை பென்சில் பெட்டி கொடுத்துப் பார்த்தோம். அடுத்த வாரம் நான்கு ரோஜா வந்தது.

இதெல்லாம் விளையாட்டுதானே, போராட்டத்துக்கு நடுவில் இது எதற்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் புனேவைக் காட்டுவோம். ஜோதிராவ் ஃபூலேயும் சாவித்திரிபாயும் 1848இல் அங்கே பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். தெருவில் நடக்கையில் சாவித்திரிபாய் மீது சாணி எறிந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கவிஞர் என்பது பலருக்குத் தெரியாது. 1854இல் 'காவ்ய ஃபூலே' என்ற அவருடைய கவிதை நூல் வந்தது. அடுத்த ஆண்டு, அவர்கள் பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதய' இதழில் அச்சானது. அது கட்டுரைதான், கவிதை இல்லை. ஆனால் ஆசிரியர் கவிஞராக இருந்த பள்ளியிலிருந்துதான் ஒரு தீண்டப்படாத சிறுமி தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியே வந்தாள் என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பெயரோடு வந்தாள்.

பெயரைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2022 ஆகஸ்ட். பள்ளிகள் திறந்து முக்கால் ஆண்டு ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். கோடு போடாத நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்:

கிளாஸ்ல எல்லார் பேரும் கூப்புடுவாங்க
எம்பேரு வராது
கக்கூசாண்ட பக்கெட்டு இருக்கும்
அதுக்கு மட்டும்
எம்பேரு வரும்.

படித்துவிட்டு நாங்கள் சும்மா இருந்திருக்க வேண்டும். இல்லை, சும்மா இருந்திருக்கக் கூடாது. ஆனால் நாங்கள் செய்ததைச் செய்திருக்கக் கூடாது. எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுதான் கவிதை, இதுதான் ஆவணம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்தப் பக்கத்தை அவள் கையெழுத்தோடு படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். கீழே அவள் பெயர், வகுப்பு. அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளுக்குப் பெருமைதானே என்று நினைத்தோம்.

இரண்டு நாளில் அது எத்தனையோ குழுக்களைச் சுற்றிவிட்டு அவள் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள், இதை யார் எழுதிக் கொடுத்தது என்று. அவள் சொன்னாளாம்: "மன்றத்து அண்ணனுங்க எழுதிக் குடுத்தாங்க. நான் பாத்து எழுதினேன்."

பத்து வயதுப் பிள்ளை தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. தான் எழுதியதைத் தான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டாள்.

அன்று இரவு அவள் அம்மா மன்றத்துக்கு வந்தார். நூறு நாள் வேலை முடிந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு. கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க தம்பி. ஆனா நீங்க மீட்டிங்கு முடிச்சிட்டுப் போயிடுவீங்க. அவ நாளைக்கு அதே கிளாஸ்ல போயி ஒக்காரணும்." அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் குத்துகிறது: "எங்கிட்டகூட அவ சொல்லல. நோட்டுகிட்டதான் சொல்லியிருக்கா."

பக்கெட்டுப் பிரச்சினையை விடவில்லை. ஆனால் கவிதையைத் தொடாமல் எடுத்தோம். மற்ற வீடுகளிலும் விசாரித்தபோது காலனிப் பிள்ளைகள் பலர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தது தெரிந்தது. பெற்றோர்கள் சேர்ந்து, பெரியவர்கள் பெயரில், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்தார்கள். அது நின்றது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கைதான செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு முதலில் தோன்றியது, அந்தப் பிள்ளைகள் மறுநாள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமாவின், சுகிர்தராணியின் எழுத்துகளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தபோது நாங்கள் கண்டன அறிக்கை எழுதினோம். வளர்ந்த, பெயர் பெற்ற படைப்பாளிகள் அவர்கள். அவர்களுக்காகப் பேச நாடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஐந்தாம் வகுப்புக் கவிஞருக்கு அந்த வகுப்பறையில் யாரும் இல்லை. அவள் பெயரைப் போட்டவர்கள் நாங்கள்.

அதன் பிறகு பல மாதம் அவள் எழுதவில்லை. வகுப்புக்கு வருவாள். கோடு போடாத நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சில் சீவுவாள். சீவித் தள்ளிய சுருளை வரிசையாக அடுக்குவாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரத்தில் ஒருநாள் எழுதினாள். கொய்யா மரத்தைப் பற்றி. யாரோ ஒருவர் வீட்டு மரம், சுவருக்கு இந்தப் பக்கம் நீண்ட கிளை, அணில் பாதி தின்றுவிட்டுப் போட்ட காய். நன்றாக இருந்தது. எங்களில் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டோம், அவர் இதை இப்போது படித்துக்கொண்டிருப்பார், "நல்லாருக்கும்மா. ஆனா முன்ன எழுதினியே, அந்த மாதிரி நெஜமா நடந்தத எழுதேன்" என்றார்.

"இதுவும் நெஜமாதான் நடந்துச்சு" என்றாள்.

அன்று இரவு மன்றத்தைப் பூட்டிவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்புக் கொடுப்பவர்களைக் கேலி செய்துவிட்டு, 'சாதியை எழுது' என்று நாங்களும் ஒரு தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறோம். வலியை எழுதினால் புல்லரிக்கிறது, கொய்யாவை எழுதினால் சப்பென்று இருக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளை அணிலைப் பார்த்தால் அது கவிதை. நம் பிள்ளை அணிலைப் பார்த்தால், ஏன் அடிபட்டதை எழுதவில்லை என்று கேட்கிறோம். அடிபட்டதை எழுதுவதற்கு மட்டும்தான் நம் பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தோமா? இதை எங்களுக்குள்ளேயே இன்னும் பேசித் தீர்க்கவில்லை. ஆசிரியத் தோழர் சொல்வார், எழுதாமல் விட்டால் பக்கெட்டு அப்படியே இருந்திருக்கும் என்று. அதுவும் உண்மைதான். ஆனால் பக்கெட்டைத் தூக்க வேண்டியவர்கள் நாம், அவள் நோட்டு இல்லை என்று மற்றவர்கள் சொல்வோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது மன்றத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. கோடு போடாத நோட்டுகள் அதில் இருக்கும். சாவி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம். வாரம் ஒருமுறை, விருப்பப்பட்டவர்கள் எழுந்து நின்று படிப்பார்கள். படம் எடுப்பதில்லை. சுவரில் ஒட்டுவதென்றால் எழுதிய பிள்ளையே ஒட்ட வேண்டும், கிழிப்பதென்றாலும் அதே பிள்ளைதான். வீட்டில் அடி விழுகிறது, பள்ளியில் இப்படி நடக்கிறது என்று ஒரு வரி வந்தால், அந்தப் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுவோம். பிறகு அம்மாவிடமோ ஆயாவிடமோ போவோம். தேவைப்பட்டால் மனு எழுதுவோம். மனுவை நாங்கள் எங்கள் மொழியில், எங்கள் பெயரில் எழுதுவோம்.

மேலே உள்ள மூன்று கவிதைகளையும் எழுதியவர்களிடம் கேட்டுத்தான் போட்டிருக்கிறோம். மல்லாட்டைக்காரி, "பல்லு வெளக்கிட்டேன்னும் சேத்துப் போடுங்க" என்றாள். வெள்ளச்சிக்காரனுக்கு அதை எழுதியதே மறந்துவிட்டது. படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு போடச் சொன்னான். பக்கெட்டை எழுதியவள் இப்போது எட்டாம் வகுப்பு. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று போனாள். வந்து, "போடுங்க. பேரு போடாதீங்க, ஊரு போடாதீங்க" என்றாள். ஒரு சொல்லையும் மாற்றினாள். முதலில் அங்கே 'கூப்புடுவாங்க' என்பது இரண்டு முறை இருந்தது. "ஒருவாட்டி போதும்."

கொய்யாக் கவிதையைக் கேட்டோம். அதை யாருக்கும் காட்டக் கூடாது என்றாள். பெட்டியில் இருக்கிறது.